இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர்: காலையில் திணறும் பெட்ரோல் காருக்கு எவ்வளவு உதவும்?

ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு இழுக்கிறது. பிடித்ததும் பத்து நொடி குலுங்குகிறது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. இந்தப் புகாருக்குப் பல ஒர்க்‌ஷாப்களில் ஒரே மருந்துதான்: பிளக் மாற்று, த்ராட்டில் பாடி கழுவு, இன்ஜெக்டர் சுத்தம் செய். சில சமயம் சரியாகிவிடும். பல சமயம் பில் கட்டிய மறுவாரமே பழைய குலுங்கல் திரும்ப வரும். அதற்கு முன்னால், ஆன்லைனில் ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை விற்கும், காரின் சாக்கெட்டில் மாட்டினால் எஞ்சின் எண்களைப் போனில் காட்டும் இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனரை (அடாப்டர் என்றும் சொல்வார்கள்) வாங்கி நாமே பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரை.

வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் சொல்வதுபோல் மாட்டியதும் கோளாறைச் சொல்லிவிடும் கருவி அல்ல இது. ஸ்டார்ட் கோளாறைப் பொறுத்தவரை இது இரண்டு நேரங்களில் கெட்டி: செல்ஃப் அடிப்பதற்கு முன்னால், எஞ்சின் சூடேறிய பிறகு. நடுவில் வண்டி உண்மையில் திணறுகிற அந்தப் பத்து நொடியில் இதற்குக் கண் தெரியாது. அந்த இடத்துக்கு மல்டிமீட்டரும் கையும் காதும்தான். இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் முதல் உபயோகத்திலேயே காசு திரும்பிவிடும்.

எந்த வண்டிக்குப் பொருந்தும்

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர்தான் இஎல்எம்327. கார் தன் கோளாறுகளையும் அளவுகளையும் சொல்லும் ஓபிடி மொழியைச் சாதாரண எழுத்துகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. முதல் பதிப்பின் மென்பொருளுக்கு நகல் தடுப்பு போடாததால் அதை அப்படியே காப்பியடித்து உலகமெங்கும் விற்றார்கள். மூல நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. ஆக, இன்று கடையில் கிடைக்கும் மலிவான நீலப் பெட்டிகள் எல்லாமே நகல்கள். பெட்டிமேல் வி1.5 என்று போட்டிருக்கும். அப்படி ஒரு பதிப்பை மூல நிறுவனம் வெளியிடவே இல்லை. வி2.1 என்று போட்டவற்றில் பல, பாதிக் கட்டளைகளைத் தூக்கிவிட்ட மலிவுச் சிப்கள். பெரிய எண் நல்லது என்று நினைத்து வாங்கினால் மோசமானது வந்து சேரும்.

இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார் என்றால் கவலையில்லை, பேசும். 2010-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட வண்டிகளில் சில பேசும், சில பேசாது. அதற்கும் முந்தைய வண்டிகளில் அதே 16 பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கலாம்; ஆனால் உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்த மொழி. சாக்கெட் பொருந்துகிறதே என்று பழைய வண்டிக்காக இதை வாங்காதீர்கள்.

ஐபோன்காரர்கள் கவனிக்க: சாதாரண புளூடூத் அடாப்டர் ஐபோனோடு சேராது. புளூடூத் எல்இ அல்லது வைஃபை என்று போட்டதுதான் வேண்டும். ஆண்ட்ராய்டில் எதுவும் ஓடும். ஜோடி சேர்க்க 1234 அல்லது 0000. செயலிக்கு கார் ஸ்கேனர், டார்க் இரண்டில் எது வேண்டுமானாலும் போதும். முதலாவது இரண்டு வகைப் போனிலும் கிடைக்கிறது, புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறார்கள்.

முதலில் எந்த மாதிரித் திணறல் என்று பிரியுங்கள்

ஸ்கேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். செல்ஃப் சுற்றுவதே சோம்பலாக, இழுத்து இழுத்துக் கேட்கிறதா? அது பேட்டரி, எர்த், செல்ஃப் மோட்டார் பக்கம். சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் ஐந்தாறு நொடி கழித்துத்தான் பிடிக்கிறதா? பெட்ரோல் பிரஷர் அல்லது டெம்பரேச்சர் சென்சார். உடனே பிடித்துவிட்டு ஒரு சிலிண்டர் அடிக்காமல் குலுங்குகிறதா? பிளக், காயில், சொட்டும் இன்ஜெக்டர், அல்லது சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட். பிடித்த உடனே அணைகிறது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணையாமல் ஓடுகிறதா? த்ராட்டில் பாடியில் கரி. குளிரில் மட்டுமா, சூட்டில் மட்டுமா, டேங்க் நிரப்பிய பிறகு மட்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதற்குத் தனியாக ஒரு குற்றவாளி உண்டு, பின்னால் வருகிறது.

பேட்டரி: இதில் ஸ்கேனரை நம்பாதீர்கள்

செயலியில் வோல்டேஜ் காட்டும். ஆனால் நகல் அடாப்டர்களில் அந்த எண் சில பாயின்ட் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். அதைவிடப் பெரிய சிக்கல், செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்தால் அடாப்டரே அணைந்து மறுபடி எழும். எந்த நொடியைப் பார்க்க வேண்டுமோ அந்த நொடியில் இணைப்பு அறுந்துவிடும்.

முந்நூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டர் இந்த இடத்தில் ராஜா. ராத்திரி நின்ற வண்டியில், கதவைத் திறந்து விளக்கெல்லாம் அணைந்த பிறகு பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் என்பது முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அடுத்து, யாரும் செய்யாத ஒரு சோதனை: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் அல்லது அதன் போல்ட் கெட்டது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் எர்த் லக் பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். புதுப் பேட்டரி போட்டும் சோம்பல் போகவில்லை என்கிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சாண்ட்பேப்பரில் தேய்த்து, முறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் முடிந்தது வேலை.

வோல்டேஜ் சரிந்தால் செல்ஃப் சோம்பலோடு நிற்காது. இன்ஜெக்டர் திறக்கும் நேரம் தாமதமாகும், காயிலின் பொறி வலுவிழக்கும், பம்ப் மெதுவாகச் சுற்றும். அதனால் பேட்டரி சரியென்று உறுதியாகும்வரை மற்ற எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள்: ஸ்கேனரின் சிறந்த ஐந்து நிமிடம்

இதற்காகவே இதை வாங்கலாம். குறைந்தது எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் அடாப்டரை மாட்டி, இக்னிஷனை ஆன் நிலையில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல், மூன்று எண்களை மட்டும் பாருங்கள்.

கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, வெளிக் காற்றின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையில் மார்கழிக் காலையில் இரண்டும் 23, 24 என்று காட்டினால் சரி. ஐந்து டிகிரிக்குமேல் விலகினால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. இது ஏன் முக்கியம்? குளிர்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுப்பது என்று இசியூ (எஞ்சினின் கணினி) முடிவெடுப்பது பெரும்பாலும் கூலன்ட் சென்சாரை நம்பித்தான். 24 டிகிரியில் நிற்கும் எஞ்சினை 60 என்று சென்சார் சொன்னால் பெட்ரோல் பற்றாமல் நெடுநேரம் சுற்றும். 24-ஐ 0 என்று சொன்னால் வழிந்து ஊற்றி, பிளக் நனைந்து, சைலன்சரில் பெட்ரோல் வாடையோடு குலுங்கும். சூட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் மோசமாகும்.

வயர் முழுதாக அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ இசியூ கண்டுபிடித்துவிடும். பி0118, பி0117 என்று கோட் (கோளாறு எண்) விழும், மைனஸ் 40 மாதிரி அபத்தமான எண் தெரியும். ஆனால் சென்சார் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறினால் எந்தக் கோட் எண்ணும் வராது, செக் எஞ்சின் விளக்கும் எரியாது. கோட் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் திருப்பி அனுப்பும் வண்டிகளில் இந்த ரகம் நிறைய. சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றி ஓம் அளந்து உறுதி செய்யலாம்: பெரும்பாலான சென்சார்களில் 20 டிகிரியில் இரண்டிலிருந்து இரண்டரை கிலோ ஓமை ஒட்டியும், 80 டிகிரியில் முந்நூறு ஓமை ஒட்டியும் இருக்கும். புதியது போடும் முன் கனெக்டரில் பச்சைத் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதிச் சமயம் சென்சார் நல்லது, கனெக்டர்தான் கெட்டது.

மூன்றாவது எண், இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) இருக்கும் மேப் சென்சார் சொல்லும் காற்றழுத்தம். எஞ்சின் ஓடாதபோது அது வெறும் வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கும் சென்னை, தூத்துக்குடியில் 100, 101 கிலோபாஸ்கல். ஊட்டியில் 77-ஐ ஒட்டி. சென்னையில் நின்றுகொண்டு 88 காட்டுகிற சென்சார் கெட்டது. வேறு விசாரணை தேவையில்லை. எஞ்சின் சூடேறி, ஏசி அணைத்து, ஐடிலிங்கில் இருக்கும்போது இதே எண் 30-லிருந்து 40-க்குள் இறங்க வேண்டும். 50-க்கு மேலேயே நின்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது வால்வ் டைமிங், கம்ப்ரஷன் பக்கம் கோளாறு.

இந்த மூன்று எண்களைப் படிக்க மலிவு அடாப்டர், பத்தாயிரம் ரூபாய் ஸ்கேனருக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. வேகம் தேவையில்லாத இடம் இது.

கோட் என்பது திசை, பார்ட்ஸ் லிஸ்ட் அல்ல

பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. 0302 இரண்டாவது, இப்படியே போகும். 0300 என்றால் இன்னதென்று இல்லாமல் மாறி மாறி. 0301 வந்தால் முதல் காயிலை மாற்று என்று அர்த்தமில்லை. காயில்மேல் பழிபோட்டு இரண்டாயிரம் மூவாயிரம் செலவழிப்பதற்கு முன், முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை முதலில் மாட்டுங்கள். கோட் எண்ணை அழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து பாருங்கள். கோட் 0303 ஆனால் காயில்தான். நகராமல் 0301-லேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றி மாட்டுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் 1, 4 சேர்ந்தோ 2, 3 சேர்ந்தோ மிஸ் அடித்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரே காயில் இருக்கும் வண்டியா என்று பாருங்கள்; அந்த ரகத்தில் காயில்மேல் சந்தேகம் நியாயமானதே.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பாருங்கள். அது நிறையச் சொல்லும். ஒன்று மட்டும் ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் அந்தச் சிலிண்டரில் பொறி இல்லை, அல்லது இன்ஜெக்டர் ராத்திரியெல்லாம் சொட்டியிருக்கிறது. மற்ற எல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவினதுபோல் பளிச்சென்று இருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது. ரிசர்வாயர் மட்டம் குறைகிறதா, முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். பீங்கானின் அடியில் இரும்போடு சேரும் இடத்தைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஒன்று ஓடினால், அதன் வழியாகத்தான் பொறி வெளியே தாவுகிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி பூட்டை விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் புது பிளக்கிலும் கோடு விழும். பனி, மழைக் காலையில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

பிளக் இடைவெளி பொதுவாக 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜால் சரிபாருங்கள். திரும்ப மாட்டும்போது கையால் முழுதும் ஏற்றி, வாஷர் உள்ள புது பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்று. பழையது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அலுமினியம் ஹெட், சூடாக இருக்கும்போது முறுக்கினால் மரை போய்விடும்.

இங்கே ஸ்கேனரின் பெரிய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இசியூ மிஸ்ஸிங்கை எண்ணுவது வழக்கமாக 200 சுற்று, 1000 சுற்று என்ற தொகுப்புகளில். 1,000 ஆர்பிஎம்-ல் பத்து நொடி குலுங்கினால் மொத்தமே 170 சுற்றுக்குள்தான். அதற்குள் வண்டி சரியாகிவிடுவதால் கணக்கு வரம்பைத் தாண்டாது, கோட் எண்ணும் விழாது. தாண்டினாலும் பெரும்பாலும் முதல் தடவை அது நிலுவைக் கோட் எண்ணாகத்தான் உட்காரும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே செயலியில் பதிவான கோட் மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பெண்டிங் என்று தனியாக இருக்கும் பகுதியையும் திறங்கள். சில வண்டிகளில் மோட் 6 என்ற பகுதியில் சிலிண்டர்வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கை கிடைக்கும். கார் ஸ்கேனர் செயலியில் அது தெரியும், வி2.1 நகல்கள் பல இந்த இடத்தில்தான் திணறும்.

கோட் எண்ணை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோட் விழுந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, கூலன்ட் வெப்பம் என்ன, லோடு என்ன என்பது அதில் உண்டு. மிஸ்ஸிங் 28 டிகிரியில் விழுந்ததா 92 டிகிரியில் விழுந்ததா என்பதே பாதி விடை. அழி பொத்தானை அமுக்கினால் இது போய்விடும். இசியூ கற்று வைத்திருந்த பெட்ரோல் திருத்தமும் சேர்ந்து போய்விடும்.

சூடேறிய பிறகு: ஃப்யூயல் ட்ரிம்

முதல் நொடிகளில் ஆக்சிஜன் சென்சார் குளிர்ந்திருக்கும். இசியூ கண்ணை மூடிக்கொண்டு கணக்குப்படி பெட்ரோல் ஊற்றும். அந்த நேரத்தில் குறுகிய கால ட்ரிம் (இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) 0-வில் நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. கூலன்ட் 80-ஐத் தாண்டிய பிறகு, ஐடிலிங்கில் ஒரு நிமிடம், 2,500 ஆர்பிஎம்-ல் ஒரு நிமிடம் பாருங்கள். குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டையும் கூட்டினால் ப்ளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் ஆரோக்கியம். 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

ஐடிலிங்கில் ப்ளஸ் 15, 2,500-ல் ப்ளஸ் 3 என்று இறங்கினால் வேக்கம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே கசிகிறது: எஞ்சினின் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். மாறாக, வேகம் கூடக்கூட ப்ளஸ் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர். ஐடிலிங்கில் பெரிய மைனஸ் என்றால் பெட்ரோல் அதிகம்: சொட்டும் இன்ஜெக்டர், பர்ஜ் வால்வ்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேக்கம் லீக்குக்குச் சொன்ன பாடம் காற்றை எடைபோடும் மாஃப் சென்சார் வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். நம்மூர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அவற்றில் லீக் ஆகும் காற்றும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கூட்டிவிடுவதால் இசியூ அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது; ஐடிலிங் மட்டும் மேலே நிற்கும், மேப் எண் உயர்ந்திருக்கும். இது தெரியாமல் ட்ரிம் சரியாக இருக்கிறது, வேக்கம் லீக் இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இ10-க்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.1 அளவு, இ20-க்கு 13.5 அளவு. அதனால் பழைய எரிபொருளுக்கு அமைத்த வண்டியில் நீண்டகால ட்ரிம் மூன்று நான்கு சதவீதம் ப்ளஸ் பக்கம் நகர்வது இயல்பு. அதைக் கோளாறு என்று துரத்த வேண்டாம். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் எத்தனால் எளிதில் ஆவியாகாது. மலையூர்களில் காலையில் கூடுதலாக இரண்டு சுற்று வாங்குவதற்கு அது காரணமாகலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு அடியில் பிரிந்து நிற்கவும் கூடும். அந்தப் பெட்ரோலை இறக்கிவிட்டுத்தான் மற்ற சோதனை.

இந்த ஸ்கேனருக்குத் தெரியாதவை

பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களில் பெட்ரோல் பிரஷருக்குச் சென்சாரே கிடையாது. சென்சார் இல்லாததை எந்த ஸ்கேனரும் காட்டாது. கையால் செய்யும் சோதனை இது: காலையில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மூன்று நொடி வையுங்கள், டேங்க் பக்கம் பம்பின் ரீங்காரம் கேட்கும். ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். வழக்கமாக ஆறு நொடி இழுக்கும் வண்டி உடனே பிடித்தால், ராத்திரியில் லைனின் பிரஷர் வடிந்துவிடுகிறது என்று பொருள். பம்பின் உள்ளே இருக்கும் செக் வால்வ், அல்லது சொட்டும் இன்ஜெக்டர். இரண்டையும் பிரிக்க கேஜ் வேண்டும். லைனில் பொதுவாக 3 பாரிலிருந்து 4 பார் வரை. சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். அணைத்த பிறகு டேங்க் பக்க ஹோஸைக் கிள்ளிப் பிடித்தால் இறக்கம் நின்றுவிடுகிறதா? பம்ப். கிள்ளியும் இறங்குகிறதா? இன்ஜெக்டர். பிளாஸ்டிக் லைனைக் கிள்ளக் கூடாது, ரப்பர் ஹோஸ் உள்ள வண்டிக்கு மட்டும் இது. லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டி பிரஷரை இறக்குங்கள். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

டேங்க் நிரப்பிய உடனே மட்டும் திணறும் வண்டியின் குற்றவாளி பர்ஜ் வால்வ். டேங்கின் ஆவியைக் கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு அனுப்பும் இது திறந்தே சிக்கிக்கொண்டால், நிரப்பும்போது கிளம்பும் ஆவி மொத்தமும் ஸ்டார்ட்டின்போது உள்ளே போய்ச் சிலிண்டரை நிறைக்கும். ஐடிலிங்கில் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, வால்வின் அந்த முனையில் விரலை வையுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஓடும்போது உறிஞ்சுதல் இருக்கக் கூடாது. இருந்தால் வால்வை மாற்றிவிடுங்கள். நிறைந்துபோன எஞ்சினை அப்போதைக்குக் கிளப்ப, பல வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுதும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உலரும்.

த்ராட்டில் பாடி சுத்தம் செய்வதாக இருந்தால், பிடித்ததும் அணையும் வண்டிக்குச் செய்யுங்கள். எல்லாத் திணறலுக்கும் அதைச் செய்வது வீண். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஸ்பிரேயை நேராக உள்ளே அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டாம்பூச்சித் தட்டை விரலால் தள்ளக் கூடாது, த்ராட்டிலின் உள்ளே இருக்கும் கியர் போய்விடும். சுத்தம் செய்தபின் ஐடிலிங் கொஞ்சம் மேலே நிற்கும். கரிக்கு ஏற்றபடி இசியூ கற்றுவைத்த பழைய திறப்பு அது. ரீலேர்ன் (இசியூவுக்குப் புதுத் திறப்பைக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டிய வண்டிகளில் இந்த மலிவு அடாப்டர் கைகொடுக்காது. கம்பெனி ஸ்கேனரோ, பாகங்களை இயக்கிப் பார்க்கும் ஆக்சுவேட்டர் சோதனை செய்யும் பெரிய கருவியோ வேண்டும். இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, பம்பைத் தனியாக ஓட்டுவது ஆகியவையும் அப்படித்தான்.

டீசல்காரர்களுக்குச் சுருக்கமாக: ரெயில் பிரஷரை இது காட்டும், அதுவரை உபயோகம். க்ளோ பிளக்கைத் தனித்தனியாகச் சோதிக்க மல்டிமீட்டர்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கே-லைன் என்ற பழைய, மெதுவான தகவல் வயரில் பேசும் வண்டிகளில் நகல் அடாப்டர் நொடிக்கு நாலைந்து எண்களுக்குமேல் படிக்காது. ஒரே திரையில் எட்டு அளவைப் போட்டால் ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். பார்க்க வேண்டிய இரண்டை மட்டும் போடுங்கள். கேன் என்ற வேகமான தகவல் வயர் உள்ள வண்டிகளில் நிலைமை மேல். தினமும் உபயோகிப்பவருக்கு ஓபிடிலிங்க், விகேட் போன்ற பெயர் சொல்லி விற்கும் அடாப்டருக்கு அதிகம் கொடுப்பது தகும். வருடத்தில் நாலைந்து தடவை எடுப்பவருக்கு நீலப் பெட்டி போதும்.

மாட்டியே விட்டுவிடாதீர்கள். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், சாவியை எடுத்தாலும். அடாப்டர் 40 மில்லியாம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்ன காரை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வந்தால், திணறலைக் கண்டுபிடிக்க வாங்கிய பொருளே திணறலுக்குக் காரணமாகிவிடும்.

பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், ஆண்ட்ராய்டு போனில் இஎல்எம்327 ஐடென்டிஃபையர் என்ற செயலியைப் போட்டு, அடாப்டரை வண்டியில் மாட்டி, எந்தெந்தக் கட்டளைக்குப் பதில் சொல்கிறது என்று ஓடவிடுங்கள். வி1.4 வரையிலான கட்டளைகளுக்குப் பதில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாதிக்குமேல் சிவப்பாக வந்தாலோ, ஜோடி சேர்ந்த ஐந்து நிமிடத்தில் இணைப்பு அறுந்தாலோ, யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு வேறு விற்பனையாளரிடம் வாங்குங்கள்.